தரிசுன்னு பேரு வாங்குன புல்வெளி

எங்க ஊரு சித்தையன்கோட்டையில எந்த வரப்புல ஏறி நின்னாலும் ரெண்டு பக்கமும் மலை தெரியும். கிழக்க சிறுமலை, மேற்க பழனி மலை. நடுவுல நெல்லும் தென்னையுமா நாங்க. மெட்ராஸ்ல, பெங்களூர்ல இருக்கறவங்க மேற்க இருக்கற மொத்த மலைக்கும் கொடைக்கானல்னு ஒரே பேரு சொல்வீங்க. இங்க அப்படி இல்ல. கீழ்மலை, மேல்மலைன்னு ரெண்டாப் பிரிச்சுத்தான் பேசுவோம். சித்தரேவு வழியா ஏறுனா வர்ற பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு எல்லாம் கீழ்மலை. காப்பி, மிளகு, மலைவாழை வெளையற பூமி. கொடைக்கானலையும் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், பேரிஜம்னு சுமாரா 2,000 மீட்டர் ஒசரத்துல விரிஞ்சு கெடக்கறது மேல்மலை. அந்த மேல்மலையில இருந்த புல்வெளியப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப் போறேன். இருந்தன்னு ஏன் சொல்றேன்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எங்க குடகனாத்துத் தண்ணி நேரா அந்தப் புல்வெளியில இருந்து வர்றது இல்ல. அது கீழ்மலைத் தண்ணி. புல்லாவெளி அருவியில விழுந்து, ஆத்தூர் காமராஜர் அணையில நின்னு, அப்புறம் எங்க வாய்க்காலுக்கும் திண்டுக்கல் டவுன் குழாய்க்கும் வருது. (புல்லாவெளிங்கற பேருலயே புல்லு இருக்கு, கவனிச்சீங்களா?) மேல்மலைப் புல்வெளி ஊட்டுற ஆறுங்க வேற. தெற்கால தலையாறு அருவியா விழுந்து மஞ்சளாறாப் போறது ஒண்ணு. பாம்பாறு கும்பக்கரையில எறங்கி வராக நதிக்குப் போகும். வடக்கால பழனிப் பக்கம் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறுன்னு அணை அணையா வாங்கிக்கறது எல்லாம் மலைச் சரிவுத் தண்ணிதான். பெரியகுளத்துக்காரங்க குடிக்கிறதே பேரிஜம் ஏரித் தண்ணி. சொல்லப்போனா இந்த மாவட்டத்துலயும் தேனிப் பக்கமும் வெவசாயம் பாக்குற எவனுக்கும் அந்த மலையோட சோலியில பங்கு உண்டு.

அந்தப் புல்வெளி எப்படி இருக்கும்னு பாக்காதவங்களுக்குச் சொல்லணும். மலை உச்சியும் முதுகும் மொட்டையா, அலை அலையாப் புல்லு. ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளம் எறங்குற எடத்துல மட்டும் கத்தரிச்சு வெச்ச மாதிரி கருகும்முனு ஒரு காடு. அதுதான் சோலை. வெள்ளைக்காரன் இதுக்கு இங்கிலீஷ்ல பேரு தேடிப் பாத்துட்டு, கெடைக்காம நம்ம 'சோலை'யவே எடுத்துக்கிட்டான். உலகத்துல எங்க போனாலும் இப்ப இந்தக் காட்டுக்குப் பேரு சோலைதான். புல்லுக்கு நடுவுல ஒத்தை ஒத்தையா செவப்புப் பூவோட காட்டுப்பூவரசு நிக்கும். பள்ளத்துல தண்ணி ஊறி நிக்கிற சதுப்புல அழுகண்ணிச் செடி இருக்கும். எலையில பனித்துளி மாதிரிப் பசை மின்னும், பூச்சி வந்து ஒட்டுனா அதையே தின்னு பொழைக்கும்.

மழை இம்புட்டுப் பெய்யுது, மேட்டுல ஏன் மரம் வரல? நம்ம எல்லாருக்கும் வர்ற கேள்விதான். மார்கழி, தை மாசத்துல ராத்திரி அந்தத் திறந்த வெளியில உறைபனி விழும். சோலை மரத்தோட கன்னு அந்தக் குளிருல கருகிப் போயிடும். பகல்ல காத்து, கோடையில தீ. புல்லுக்கு வேரு தரைக்குள்ள பத்திரமா இருக்கறதால மறுபடி துளுத்துக்கும், கன்னு என்ன செய்யும்? அதனால பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லுன்னு தானாவே பாகம் பிரிச்சுக்கிச்சு.

ரொம்ப நாளா படிச்சவங்களே என்ன சொன்னாங்கன்னா, ஒரு காலத்துல மலை முழுக்கக் காடுதான், மனுசன் வெட்டி எரிச்சதுல புல்லாப் போச்சுன்னு. அது தப்புன்னு நீலகிரி சதுப்பு மண்ணு காட்டிக் கொடுத்துருச்சு. சதுப்புல புல்லும் தழையும் முழுசா மக்காம அடுக்கடுக்காப் படிஞ்சு கரிமண்ணாக் கெடக்கும். ரா. சுகுமாரும் அவரோட சேந்தவங்களும் அதைத் தோண்டி எடுத்து ஆராய்ஞ்சு 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதுனாங்க. ஏறக்குறைய 20,000 வருசத்துக்கு முந்தியே அங்க புல்லு இருந்திருக்கு. குளிரும் வறட்சியும் கூடுனா புல்லோட வகை மாறியிருக்கு, மழை கூடுனா காடு கொஞ்சம் விரிஞ்சிருக்கு. ஆனா புல்லு மனுசன் செஞ்சது இல்ல. மனுசன் கோடாலி எடுக்கறதுக்கு முந்தியே இருந்த சொத்து.

மனுசங்களும் அங்க புதுசு இல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் பலகைக் கல்ல நிறுத்தி மேல ஒரு கல்ல மூடி வெச்ச கல்திட்டைங்க இருக்கு. இரும்புக் காலத்து ஈமச்சின்னம். செண்பகனூர்ல இருந்த பாதிரியாருங்க ஆங்லாடும் நியூட்டனும் மலை மலையா ஏறிப் பாத்து எழுதுனதை 1928-ல தொல்லியல் துறையே புத்தகமாப் போட்டுச்சு. பளியர் சனம் இன்னைக்கும் இருக்காங்க. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் நீங்க போயிருப்பீங்க. ஆக, ஆளில்லாத மலைய வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்னு சொல்ற கதைய நம்பாதீங்க. 1821-ல லெப்டினன்ட் வார்டு அளக்க வந்தப்பவே வெள்ளகவி கிராமத்துல தங்கித்தான் மேல ஏறினார்.

கொடைக்கானல்ல ஊரு அமைஞ்ச கதையில எங்க சிறுமலைக்கும் ஒரு பங்கு இருக்கு. மதுரையில இருந்த அமெரிக்க மிஷன்காரங்க காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளப் பறிகொடுத்துட்டு, குளுகுளுன்னு ஒரு எடம் தேடி முதல்ல ஏறுனது சிறுமலை. அங்கயும் மலேரியா விடல. அப்புறந்தான் 1845-ல கொடைக்கானலுக்குப் போயி வீடு கட்டுனாங்க. கலெக்டர் லெவிஞ்சு 1863-ல ஓடைக்குக் குறுக்க கரை போட்டு ஏரி ஆக்கினார். நீங்க படகு விடுற எடம் அதுக்கு முந்தி சதுப்பு. 1875-ல ரயில் வந்து கொடை ரோடு ஸ்டேசன் தெறந்த பொறவும், துரைமாருங்கள மலை மேல டோலியில தூக்கிட்டுப் போனது நம்ம ஆளுங்கதான்.

ஊரு வந்துச்சு, அடுப்புக்கு வெறகு வேணும். சோலையில கோடாலி விழுந்துச்சு. சோலை மரம் மெதுவா வளர்றது, வெட்டுனா நம்ம ஆயுசுல திரும்ப வராது. அதனால சீக்கிரம் வளர்ற மரத்த வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தாங்க. யூகலிப்டஸ், நம்ம ஊர்ல தைல மரம்னு சொல்வோமே, அதுவும், வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்துச்சு. வாட்டில சீகை மரம்னும் சொல்வாங்க. சினிமாக்காரங்க போட்டோ எடுக்குற பைன் காடு, 1906-ல பிரையன்ட்டுங்கற அதிகாரி ஆரம்பிச்சு வெச்சதுன்னு சொல்றாங்க. வெறகுக்குன்னு அங்கங்க நட்டவரைக்கும் பெரிய சேதம் இல்ல.

சேதம் வந்தது நம்ம ராஜ்ஜியத்துல. சுதந்திரத்துக்கு அப்புறம். இதுல எங்க திண்டுக்கல்லும் சேந்துருக்கு, அதனாலதான் நான் இதை எழுதவே உக்காந்தேன்.

திண்டுக்கல்னா உங்களுக்குப் பூட்டும் பிரியாணியும். எங்களுக்குத் தோல் ஷாப்பும். தோல் பதம் பண்ணத் துவர்ப்புள்ள பட்டை வேணும். அந்தக் காலத்துல அது ஆவாரம் பட்டை. எங்க அப்பத்தா கரட்டுல போயி ஆவாரங்குச்சி வெட்டி, பட்டைய உரிச்சு, காய வெச்சுக் கட்டி எடைக்குப் போட்ட கதையச் சொல்லும். கை முழுக்கச் செம்மண்ணுக் கலருல கறை ஏறிப் போயிருக்குமாம், நல்ல நாளு பொழுதுக்கும் போகாதாம். ஊரு ஏழைபாழை பொழச்ச பொழப்பு அது. ஆனா தோல் வியாபாரம் பெருசாகப் பெருசாக ஆவாரம் பத்தல. வாட்டில் பட்டையில துவர்ப்பு அதைவிட ஜாஸ்தி. ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல இறக்குனாங்க. காசு வெளிநாட்டுக்குப் போகுதேன்னு அரசாங்கம் யோசிச்சப்ப, கண்ணுல பட்டது பழனி மலையிலயும் நீலகிரியிலயும் 'சும்மா கெடக்குற' புல்வெளி.

கணக்கு ஏட்டுல அதுக்குப் பேரு தரிசு. நம்ம ஊர்ல மேய்ச்சல் புறம்போக்க என்ன பாடு படுத்துனோமோ அதே கண்ணுதான். மரம் இல்லாத எடம் வீணாப் போன எடம். ஏக்கருக்கு இம்புட்டுன்னு வருமானம் எழுத முடியாத எடம் எல்லாம் தரிசு. இந்தக் கண்ண அதிகாரிக்கு மட்டும் சொந்தம்னு சொல்ல மாட்டேன். மாட்டுக்காரனுக்குத்தான் புல்லோட அருமை தெரியும். அவன எந்த ஆபீசுலயும் கூப்ட்டுக் கேக்கல.

பொறவு நட்டாங்க பாருங்க நடவு. பட்டைக்கு வாட்டில், கூழ் மரத்துக்கு யூகலிப்டஸ், பைன். சிறுமுகையில விஸ்கோஸ் நூல் ஆலை வந்ததும் கூழ் மரத்துக்குக் கிராக்கி இன்னும் ஏறுச்சு. வாட்டில் பொறந்த நாட்டுலயும் குளிர் உண்டு, அதனால நம்ம உறைபனி அதை ஒண்ணும் செய்யல. சோலைக் கன்னு கருகுற எடத்துல இது ஜம்முனு நின்னுச்சு. கடைசியில தோல் பதம் பண்றவங்க குரோம் உப்புக்கு மாறிட்டாங்க. பட்டைக்கு மவுசு போச்சு. குரோம் எங்க திண்டுக்கல் கெணத்துத் தண்ணிய என்ன செஞ்சுச்சுங்கறது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு வெச்சுக்குவோம். பட்டைக்குன்னு வந்த மரம் மட்டும் மலை மேல நின்னுபோச்சு.

நிக்கறதோட விட்டாப் பரவால்ல. வாட்டில் விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உசிரோட கெடக்கும். தீ பட்டா ஓடு வெடிச்சு மொளைக்கும். புல்லக் காப்பாத்துன அதே தீ இப்ப வாட்டிலுக்கு நாத்தங்கால் போட்டுக் குடுக்குது. நடாத எடத்துக்கும் அதுவாப் பரவுது. அரசுமணியும் அவரோட சேந்தவங்களும் செயற்கைக்கோள் படத்த வெச்சுக் கணக்குப் போட்டு 2018-ல வெளியிட்டாங்க. 1973-ல இருந்து 2014-க்குள்ள பழனி மலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு காணாமப் போச்சு. மரத் தோட்டமும் வெவசாயமும் தின்னுருச்சு. நாப்பது வருசந்தான். 20,000 வருசம் இருந்ததுல நாப்பது வருசம். வெவசாயத்தையும் சேத்துச் சொல்றாங்க பாருங்க, அதையும் ஒத்துக்கத்தான் வேணும். கேரட்டும் உருளையும் பூண்டும் சும்மா ஆகாசத்துல வெளையல.

தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நீலகிரியில கிளென்மார்கன்ல ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஒரு சோதனை வெச்சாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்பு. ஒண்ண இயற்கையா விட்டுட்டாங்க, இன்னொண்ணுல பாதிக்கு மேல யூகலிப்டஸ் நட்டாங்க. நட்ட பக்கத்துல ஓடி வர்ற தண்ணி முதல் சுத்துல சுமாரா 16 சதவீதம் கொறஞ்சுச்சு. வெட்டி, அடிமரம் துளுத்து வந்த ரெண்டாவது சுத்துல 25 சதவீதம். நூறு கொடம் வந்த ஓடையில எழுபத்தஞ்சு கொடம். மடை திறக்கறவனுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேணாம். தென்னாப்பிரிக்காவுல 1995-ல இருந்து இந்த மாதிரி அந்நிய மரத்த வெட்டி அப்புறப்படுத்தறதையே தண்ணிக்கான திட்டம்னு பேரு வெச்சு அரசாங்கமே கூலி குடுத்துச் செய்யுது. நாம பட்டை வாங்குன தேசமே அந்த மரத்த வெட்ட ஆளு போட்டிருக்கு.

புல்லு போனா அதை நம்பி இருந்த சீவனும் போகும். வரையாட்டை எடுத்துக்கங்க. நம்ம மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில நின்னு பாத்துட்டு, மேயறதுக்குப் புல்வெளிக்கு வரும். புலி, சிறுத்தை, செந்நாய் வந்தா பாறைக்கு ஓடிரும். மரம் அடைச்ச எடத்துல அதால எதிரியப் பாக்கவும் முடியாது, மேயவும் முடியாது. துரைமாருங்க காலத்துல வேட்டையாடியே தீத்தாங்க, மிச்சம் இருந்ததுக்கு மேய எடம் போச்சு. டேவிதார்னு ஒருத்தர் 1975-ல இதைப் பத்தி முறையா ஆராய்ஞ்சார். அவர் நெனவா அக்டோபர் 7-ஆம் தேதிய வரையாடு நாளா வெச்சிருக்காங்க. தமிழ்நாடு அரசு 2022-ல 25 கோடிக்கு மேல ஒதுக்கி ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு. 2024-ல எண்ணுனப்ப தமிழ்நாடு முழுக்க 1,031, அடுத்த வருசம் 1,303. கூடியிருக்கு, சந்தோசம். ஆனா ஒரு மாநிலம் முழுக்க இருக்கற வரையாட்ட விட எங்க பக்கத்து ஆட்டுச் சந்தையில ஒரு நாள்ல நிக்கிற ஆடு ஜாஸ்தி.

காட்டுமாடு கதை வேற. அது புல்லுக்குப் போற பெரிய சீவன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வர்றத நீங்க போன்ல படம் பிடிச்சுப் போடறீங்க. காப்பித் தோட்டத்துலயும் வாழையிலயும் அது பூந்துட்டுப் போனா எங்க சொந்தக்காரங்க வயித்துல அடிச்சுக்கறாங்க. மேல மேய்ச்சல் இருந்தா இது ஏன் கீழ வருதுன்னு மலைச் சனம் கேக்குது. எனக்கும் அது நியாயமான கேள்வியாத்தான் படுது.

குருவிங்களச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு சின்னக் குருவி, மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிப் புல்வெளிய விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது. புல்லுக்குள்ள தரையிலயே கூடு கட்டும். மரம் வந்தா அதுக்கு வீடு இல்ல. சோலைக்குள்ள இருக்கறதுல பழனி சிரிப்பான்னு ஒண்ணு. ஃபேர்பேங்க்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் 1860-கள்ல பிடிச்சு அனுப்ப, பிளான்ஃபோர்டு அவர் பேரையே அதுக்கு வெச்சுட்டார். அதே ஆளு அனுப்புன இன்னொரு நீலக் குருவிக்கு 2017-ல புதுசா அறிவியல் பேரு வெச்சாங்க. என்ன தெரியுமா? 'சோலிகோலா'வாம். ஆங்... நம்ம சோலைக்கிளிதான் லத்தீன் வேசம் போட்டு நிக்குது.

இதெல்லாம் யாரும் கவனிக்கவே இல்லன்னு சொல்ல முடியாது. ஏசுசபைப் பாதிரியார் மேத்யூ கொடைக்கானல்ல அந்நியச் செடிங்க புகுந்ததப் பத்தி 1960-கள்லயே எழுதுனார். அப்புறம் காலு தேய நடந்து பழனி மலைச் செடிகொடி மொத்தத்தையும் மூணு பெரிய புத்தகமா 1999-ல போட்டார். 1985-ல பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் ஆரம்பிச்சாங்க. வட்டக்கானல்ல பாப் ஸ்டூவர்ட், டானியா பால்கர்னு ஒரு இங்கிலாந்துத் தம்பதி வந்து தங்கி, சோலை விதையப் பொறுக்கி நாத்து விட்டு வாழ்க்கையவே அதுல கழிச்சாங்க. 1988-ல வந்த தேசிய வனக் கொள்கை, காட்ட வருமானத்துக்குன்னு பாக்காம மண்ணுக்கும் தண்ணிக்கும்னு பாக்கச் சொல்லுச்சு. 2013 செப்டம்பர்ல 608.95 சதுர கிலோமீட்டர் காட்டக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்னு அரசு அறிவிச்சுச்சு.

சரணாலயம்னு பலகை வெச்சா வாட்டில் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருமா? அங்கதான் இப்ப சிக்கல். வெட்டிப் போடுன்னு ஒரு கட்சி. நான் முதல்ல அந்தக் கட்சிதான் நியாயம்னு சொல்வேன், தண்ணிக் கணக்கு அப்படி. ஆனா பழைய தோட்டத்த ஒரேயடியா மொட்டையடிச்சா, வெயில் பட்ட மண்ணுல கெடக்குற அத்தன விதையும் ஒண்ணா மொளைச்சு முன்ன விட அடர்த்தியா வாட்டிலே வருது. நாம சீமைக்கருவேலத்தத் தூர் எடுக்காம வெட்டிவிட்ட கதைதான். லாரியும் யந்திரமும் ஏறுனா மலை மண்ணு வேற கரைஞ்சு எறங்கும். இன்னொண்ணு, வட்டக்கானல் தம்பதி மாதிரி ஆளுங்க கவனிச்சது: வயசான வாட்டில் நெழல்ல பனி விழறதில்ல, அதனால சோலைக் கன்னு தானா மொளைச்சு வருது. அதை எப்படி வெட்டறதுன்னு கேக்கறாங்க. நியாயம்தான். ஆனா அங்க வர்றது சோலை, புல்லு இல்லையே? புல்வெளி இருந்த எடத்துல சோலை வந்தா வரையாடும் நெட்டைக்காலியும் எங்க போகும்?

எனக்குத் தோணுறதச் சொல்றேன். மிச்சம் இருக்கற புல்வெளியில புதுசாத் தலை நீட்டுற வாட்டில் கன்ன, இடுப்பளவு வளர்றதுக்குள்ள வேரோட பிடுங்கணும். களை எடுக்கறதுதான், பருவம் தப்புனா களையில்ல, காடு. அதுக்கு யந்திரம் வேணாம், ஆளு வேணும். வருசா வருசம் அதே எடத்துக்குப் போகணும். மலைச் சனத்துக்கு அதுல கூலியும் கெடைக்கும். பழைய தோட்டத்த அவசரப்படாம, ஓடைக் கரையில இருந்து ஆரம்பிச்சுக் கொஞ்சங் கொஞ்சமாப் பாத்துக்கலாம். மாநில அரசு 2022-ல அந்நியச் செடிகள அகத்தறதுக்குன்னு கொள்கையே போட்டிருக்கு. காகிதத்துல நல்லாத்தான் இருக்கு.

இந்தப் புல்வெளிக்குச் சொந்தமான பூ ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச நீலக் குறிஞ்சி. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காப் பூத்து, விதை போட்டு, செத்துப் போகும். பளியருங்க வயசையே குறிஞ்சி பூத்த கணக்குல சொல்வாங்கம்பாங்க. 1980-கள் கடைசியில இருந்து குறிஞ்சியக் காப்பாத்தச் சொல்லிக் கொடைக்கானல்ல இருந்து மூணாறு வரைக்கும் நடந்தாங்க. 2006-ல பூத்தப்ப தபால் தலை போட்டாங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரங்க குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிச்சாங்க. அப்புறம் 2018-ல பூத்துச்சு. அடுத்தது 2030. குறிஞ்சிக்கு வெயிலு வேணும், வாட்டில் அடியில வராது.

2030-ல நீங்க எல்லாம் கார எடுத்துக்கிட்டு மலை ஏறுவீங்க, தெரியும். பேரிஜம் பக்கம் போகணும்னா வனத்துறையில அனுமதிச் சீட்டு வாங்கணும், வண்டி எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு, முன்கூட்டியே விசாரிச்சுக்கங்க. வழியில சித்தையன்கோட்டை பக்கம் வந்தா எளநி நம்ம தோப்புல.